ஊதும் முள்

கரிசல் வெடித்துக் கிடக்கும் லைக்கிப்பியா சமவெளியில்
விடிந்ததுமே காற்று எழுந்துவிடும்.
ஆளுயர முள்மரங்கள். முள்ளின் அடியில்
நெல்லிக்காய் பருமனில் கருத்த குமிழ்கள்.
குமிழில் எறும்பு குடைந்த துளை.
காற்று அதில் வாய்வைத்து ஊதும்.
தூரத்தில் நின்று கேட்டால்
யாரோ ஆடுகளைக் கூப்பிடுவது போலிருக்கும்.

லெபாரி ஆடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவன்.
ஒன்பது வருடமாக மின்வேலிக்குக் காவல்.
பதினோரு கம்பி, ஒரு பேட்டரி, ஒரு குறிப்பேடு.
யானை உள்ளே வரக் கூடாது.
ஒட்டகச்சிவிங்கி கூடாது.
ஆடு, அது அவனுடையதே ஆனாலும், கூடாது.
"யாரும் கடிக்காவிட்டால் மரம் என்ன ஆகும் என்று பார்க்கிறோம்"
என்று சொல்லித்தான் வேலை கொடுத்தார்கள்.
இதைப் பார்க்கவா சம்பளம்?
கடிக்க ஆளில்லாவிட்டால் கொழுக்கும்.
ஆட்டுக்கே தெரியுமே.

வேலிக்கு வெளியே தினமும் ஒரே தகராறு.
ஒட்டகச்சிவிங்கி நாக்கை நீட்டும்.
மூன்று வாய் நிம்மதியாகப் போகும்.
நான்காவதில் மூக்குக்குள் எறும்பு.
தலையை உதறிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல
அடுத்த மரத்துக்கு நகரும்.
யானை கிளையைத் தொட்டுப் பார்த்து,
சுடுசோற்றில் விரல் வைத்ததுபோல் தும்பிக்கையைச் சுருட்டும்.
உள்ளே ஏறிய எறும்பை அது
எந்தக் கையால் எடுக்கும்?

மரம் படியளக்கிறது:
இலைக்காம்பில் ஒரு துளித் தேன்,
குடியிருக்கக் குமிழ்.
வாடகை வேண்டாம், வருகிறவனைக் கடி, போதும்.
செங்குரங்கு ஒன்று வந்து குமிழைப் பிய்த்து
எறும்புக் குஞ்சுகளைத் தின்றுவிட்டுப் போகும்.
அதை யார் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

உள்ளே
யாரும் வரவில்லை.
வராதவனுக்கு எதற்குக் காவல் என்று
மரம் தேனைக் குறைத்தது.
புது முட்கள் குமிழில்லாமல்
வெறும் ஊசிகளாக முளைத்தன.
பசித்த எறும்புகள்
சாறு உறிஞ்சும் பூச்சிகளை அந்தக் கிளையிலேயே மேய்த்து
மாடு கறப்பது போலக் கறந்தன.
கறந்தது யாருடைய ரத்தத்தை?
பிறகு வேறொரு எறும்பு குடியேறியது.
அதற்குக் குமிழ் வேண்டாம்,
வண்டு துளைத்த பொந்து போதும்.
ஆகவே வண்டை அது தடுக்கவில்லை.

இந்த மாசியில் நியாவிரா நைரோபியிலிருந்து வந்தாள்.
அலுமினியத் தகடு கட்டிய மரங்களை
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.
வெளியே செத்தவை முப்பத்தொன்று.
உள்ளே அறுபத்தாறு.
மறுபடி எண்ணினாள்.
அறுபத்தாறு.
குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

வேலி பயிரை மேய்ந்தால் வாயாவது தெரியும்.
இந்த வேலிக்கு வாயே இல்லை.

சாயங்காலம் திரும்பும்போது காற்று வீசியது.
இடப்பக்கம், வெளியே, ஊதல்.
வலப்பக்கம் ஒன்றுமில்லை.
லெபாரி நின்றான்.
போன வருடம் நன்யூகி ஆஸ்பத்திரியில்
வலது காது மந்தமாகிவிட்டதென்று
சொட்டுமருந்து வாங்கி வந்திருந்தான்.
ஒரு ஜாடி பாலுக்கு ஆகும் காசு.
திரும்பி, எதிர்த்திசையில் நடந்து பார்த்தான்.
இப்போது இடது காது செவிடு.

"அணைத்துவிடலாமா?" என்று கேட்டான்.
"இன்னும் ஒரு வருடம். பத்து முழுசாகட்டும்," என்றாள்.
பத்து என்றால் அவர்களுக்கு ஏதோ ஒரு மரியாதை.
அவன் மீட்டரைக் கம்பியில் வைத்தான்.
ஆறாயிரம் வோல்ட். எழுதிக்கொண்டான்.

மறுநாள் காலை வேலிக்குள் ஒரு வெள்ளாடு.
பின்னங்காலில் எழும்பி நின்று
குமிழில்லாத கிளையொன்றை அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.
காதின் வெட்டு லெபாரி வீட்டு வெட்டு.
நியாவிரா ஆட்டைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள்,
அவன் பக்கம் பார்க்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதினாள்:
பன்னிரண்டாம் கட்டம். வடக்குக் கம்பி தளர்ச்சி.
நேரம் எழுதும் இடத்தைக்
காலியாக விட்டாள்.